நெல்லையில் பழைய மானிட்டர்: சிக்னலும் காந்தமும் சாரலும்

பழைய கம்ப்யூட்டருக்கு மானிட்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை இஞ்ச், எந்தக் கம்பெனி. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு எத்தனை கோடு வரையச் சொல்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். டியூப் மானிட்டருக்குள் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோடு வரைகிறது, சட்டென்று திரும்பி வந்து அடுத்த கோட்டைத் தொடங்குகிறது. இந்த ஓட்டத்தின் வேகத்தைத்தான் ஹாரிசாண்டல் ஃப்ரீக்வன்சி என்கிறோம். கம்ப்யூட்டர் அனுப்புகிற வேகமும் மானிட்டர் ஓடுகிற வேகமும் பொருந்தினால் படம் நிற்கும். பொருந்தாவிட்டால் சாய்ந்த கோடுகளாகக் கிழியும். மிகப் பழைய மாடல்களில் உள்ளே ஏதாவது எரிந்தும் போகும்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்கு இரண்டு வகை டிஸ்ப்ளே கார்டு இருந்தது. எழுத்து மட்டும் காட்டும் எம்டிஏ 18.4 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 18,400 கோடு என்ற வேகத்தில் ஓடியது. வண்ணம் காட்டும் சிஜிஏ 15.7-ல் ஓடியது. 1984-ல் வந்த ஈஜிஏவின் உயர் ரெசல்யூஷன் 21.8 கேட்டது. 1987-ல் வந்த விஜிஏ 31.5-க்குத் தாவியது. முதல் மூன்றுக்கும் அதே 9 பின் பிளக்தான், அதனால் எதை எதில் செருகினாலும் கச்சிதமாக உட்காரும். ஆபத்தே அங்கேதான். ஐபிஎம்மின் பச்சைத் திரை மானிட்டரான 5151, கார்டு அனுப்பும் துடிப்பையே நேராக எடுத்துக்கொண்டு ஓடும். அதைத் தவறான கார்டில் மாட்டி ஆன் செய்தால் ஹாரிசாண்டல் அவுட்புட் பகுதி பலியாகலாம். 9 பின் மானிட்டர் ஒன்று கையில் கிடைத்தால் பின்பக்க லேபிளில் மாடல் நம்பரைப் பார்த்து, அது எந்த வகை என்று உறுதி செய்த பிறகே பவர் கொடுங்கள். பிளக் பொருந்துகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

நம் பக்கத்து வீடுகளிலும் பழைய கம்ப்யூட்டர் சென்டர்களிலும் பரணில் கிடப்பவை பெரும்பாலும் விஜிஏ காலத்தவை. டாஸ், லோட்டஸ், டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ சொல்லிக்கொடுத்த நாட்களின் 386-ம் 486-ம்தான் அவை. பல இடங்களில் அவற்றுடன் 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை விஜிஏ மானிட்டர் இருந்தது. இவற்றுக்குச் சிக்கல் குறைவு. டாஸ் எழுத்துத் திரையும் 320×200 விளையாட்டுகளும் விஜிஏவில் 31.5 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 70 படம் என்ற கணக்கில் வரும். 640×480 நொடிக்கு 60 படம். பிற்காலத்து 15, 17 இஞ்ச் டியூப் மானிட்டர்கள் எல்லாமே இதை வாங்கிக்கொள்ளும். இந்த வகைக் கம்ப்யூட்டருக்கு என் தேர்வு, 1990-களின் பின்பாதியிலோ 2000-ன் தொடக்கத்திலோ வந்த 15 அல்லது 17 இஞ்ச், புள்ளி இடைவெளி 0.28 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. 21 இஞ்ச் ஆசை பலருக்கு உண்டு. முப்பது கிலோ எடையைத் தாங்கும் மேசையும், சித்திரை வெயிலில் அது விடும் சூட்டைத் தாங்கும் அறையும் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

சிக்கல் வருவது 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில். ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, கொமடோர் 64, அமீகா எல்லாமே டிவியில் மாட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. 1984-ல் இந்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததும் பிபிசி மைக்ரோதான். நம் டியூப் டிவிகளின் சிக்னல் முறைக்குப் ‘பால்’ (PAL) என்று பெயர். இவற்றின் பால் முறை மாடல்கள் 15.6 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே ஓடும். விஜிஏ மானிட்டர் 31-க்குக் கீழே இறங்காது. ஆகவே எவ்வளவு நல்ல விஜிஏ மானிட்டரை வாங்கி வைத்தாலும் இவற்றுக்கு நேரடியாகப் பயனில்லை.

இவற்றுக்கு ஏற்ற திரை நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு வந்து இறங்கியது. 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்தபடி தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவியைத்தான் சொல்கிறேன். பால் முறையில் ஒரு கோட்டுக்கான வேகம் 15,625 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரமும் பிபிசி மைக்ரோவும் கேட்பது அதைத்தான். களக்காட்டிலும் வள்ளியூரிலும் திசையன்விளையிலும் தார்சு வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் அந்த டிவியை காயலாங்கடைக்குப் போடும் முன் இரண்டு நிமிடம் பாருங்கள். பின்னாலோ பக்கவாட்டிலோ மஞ்சள் ஏவி பின் இருக்கிறதா, ரிமோட் இல்லாமல் ஏவிக்கு மாற்ற முடிகிறதா என்பதுதான் விஷயம். இருந்தால் அது நல்ல கேம் திரை. நாற்பது எழுத்து அகல வரிகள் அதில் தெளிவாகப் படிக்கலாம். எண்பது எழுத்து வரிகளுக்கு அது போதாது, ஏனென்றால் மஞ்சள் பின்னில் வண்ணமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் எழுத்தின் ஓரங்கள் கரையும். அதற்கு 2000-களின் 21 இஞ்ச் ஃப்ளாட் டியூப் டிவிகளில் இருக்கும் பச்சை, நீலம், சிவப்பு பின்கள் வேண்டும். மெக்கானிக்குகள் டிவிடி இன் என்று சொல்வது அதைத்தான். அமீகா மாதிரி மூன்று நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் (ஆர்ஜிபி) தரும் கம்ப்யூட்டரை ஒரு சிறு மாற்றிப் பெட்டி வழியாக அதில் கொடுத்தால் வரும் படம், அந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் பார்த்ததைவிடவே நன்றாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த ஆப்பிள் 2 மாதிரி இயந்திரம் என்றால் அது என்டிஎஸ்சி என்ற அந்த நாட்டு டிவி முறை. பால் மட்டும் தெரிந்த டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல் இரண்டு முறையும் தெரிந்த டிவி ஒன்றில் மாட்டிப் பாருங்கள்.

காந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நம் ஊர்

கலர் டியூபைப் பற்றிப் பேசும்போது நெல்லைக்கு என்று ஒரு விசேஷம் உண்டு. பூமியின் காந்தப்புலம் எல்லா ஊரிலும் ஒரே சாய்வில் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிற மாதிரி சாய்ந்திருக்கும். காந்த நிலநடுக்கோட்டுப் பக்கம் வர வர அது தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றை நம் கிருஷ்ணாபுரத்தில் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். சிற்பத்துக்குப் பேர்போன கோயில் இருக்கும் அதே கிருஷ்ணாபுரம். ஆக, நெல்லையில் மேலிருந்து கீழாக இறங்கும் காந்தப்புலம் மிகக் குறைவு. தெற்கு வடக்காகப் படுத்துக் கிடக்கும் புலமோ சுமார் 40,000 நானோடெஸ்லா, பலமானது.

இது மானிட்டருக்கு ஏன் முக்கியம்? எலெக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். செங்குத்துப் புலம் கற்றையைப் பக்கவாட்டில் தள்ளும். கலர் டியூபில் சிவப்புக்கான கற்றை சிவப்புப் பட்டையில்தான் விழ வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் பக்கத்துப் பச்சையிலோ நீலத்திலோ விழுந்து நிறம் கெடும். அதனால்தான் டியூப் கம்பெனிகள் வட பாதிக்கு, தென் பாதிக்கு, நடுக்கோட்டுப் பகுதிக்கு என்று தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பின. ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ என்று சரிசெய்த மானிட்டர் யாரோ ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் ஏறி இங்கே வந்தால், ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் லேசான பச்சையும் ஏறித் தெரியலாம். டியூப் போய்விட்டது என்று பலர் இதைக் கழித்துவிடுகிறார்கள். போகவில்லை. அது இன்னும் தன் பழைய ஊரின் காந்தத்துக்கு ஏற்றபடி நிற்கிறது, அவ்வளவுதான். நல்ல மானிட்டர்களின் மெனுவில் ‘லேண்டிங்’ என்றோ ‘ப்யூரிட்டி’ என்றோ மூலைவாரியாகத் திருத்தும் வசதி இருக்கும். அது இல்லாதவற்றில் டியூபின் கழுத்தில் இருக்கும் ப்யூரிட்டி வளையங்களைத் திருப்ப வேண்டும். வளையங்கள் இப்போது இருக்கும் இடத்தில் பெயின்டால் கோடு போட்டுவிட்டு, தெரிந்த மெக்கானிக் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

செங்குத்துப் புலம் இல்லாததால் ஒரு நன்மையும் உண்டு. சோனி 1968-ல் கொண்டுவந்த டிரினிட்ரான் டியூபில் நிறப் பட்டைகள் மேலிருந்து கீழாக நீண்ட கோடுகள். கற்றை மேலும் கீழும் நகர்ந்தால் அதே பட்டையில்தான் விழும், நிறம் கெடாது. பக்கவாட்டில் நகர்ந்தால்தான் கெடும். நம் ஊரில் பக்கவாட்டில் தள்ளும் புலம் இல்லாததற்குச் சமம். மானிட்டரின் முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்பி வைத்தால், படுத்திருக்கும் புலமும் கற்றையை மேலே அல்லது கீழேதான் தள்ளும். ஆகவே டிரினிட்ரானுக்கு நெல்லை மாதிரி வசதியான ஊர் குறைவு. தெற்கு அல்லது வடக்குப் பார்த்து வைத்தால் புலம் டியூபின் நீளவாக்கில் ஓடும், படம் லேசாகச் சுழன்று சாயும், மூலைகளில் நிறம் திரியும். படம் சாய்ந்திருக்கிறதே என்று மெனுவில் ரொட்டேஷனைத் திருகும் முன் மேசையைத் திருப்பிப் பாருங்கள். திருப்பிய பிறகு ஒரு தடவை டிகாஸ் (உள்ளே தேங்கிய காந்தத்தைக் கலைக்கும் வசதி) செய்ய வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் இரும்புக் கவசம் புதிய திசைக்குப் பழகும். டிகாஸை அடுத்தடுத்து அழுத்திப் பயனில்லை. அந்தச் சுற்றில் இருக்கும் தெர்மிஸ்டர் ஆறினால்தான் அடுத்த தடவை முழு வேகத்தில் வேலை செய்யும், அதற்கு இருபது முப்பது நிமிடம் விடுங்கள். டிரினிட்ரான் திரையின் குறுக்கே தெரியும் மெல்லிய நிழல்கோடு பழுது இல்லை. திரைக்குப் பின்னால் நிறப் பட்டைகளுக்கு நேராக நிற்கும் மெல்லிய கம்பிகள் அதிராமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பியின் நிழல் அது.

திசையைப் பார்த்தாயிற்று என்றால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். காந்தம் ஏறிய ஸ்டீல் பீரோ, கவசமில்லாத ஸ்பீக்கர் இரண்டும் நிறத்தைக் கெடுக்கும். ஸ்டெபிலைசர் கெடுப்பது வேறு விதம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மானிட்டர் 60-ல் ஓடினால் ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்ஃபார்மர் விடும் காந்தம் படத்தை நொடிக்குப் பத்து தடவை ஆட்டும். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகிறது என்பார்கள். 75-க்கோ 85-க்கோ மாற்றினால் அந்த ஆட்டம் வேகமாகிக் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்டெபிலைசரை நான்கு அடி தள்ளி வைத்தால் அடியோடு போய்விடும்.

வாங்கும்போது

கடைக்காரர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக வைத்திருக்கும் மானிட்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அணைத்து, ஆறவிட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து போடச் சொல்லுங்கள். நல்ல டியூபில் அரை நிமிடத்துக்குள் படம் வந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் மங்கிக் கிடந்து மெல்ல ஏறினால் எலெக்ட்ரானை விடும் கேத்தோடு தேய்ந்துவிட்டது என்று பொருள். மெக்கானிக் பாஷையில் டியூப் வீக்.

வீக்கான டியூபை மறைக்க ஒரு சுலபமான வழி உண்டு. டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மரான எல்ஓடியில் ஃபோகஸ், ஸ்கிரீன் என்று இரண்டு குமிழ் இருக்கும். ஸ்கிரீன் குமிழைக் கூட்டிவிட்டால் படம் பளிச்சென்று எழும். “நல்லா வெளிச்சமா இருக்குல்லா அண்ணாச்சி” என்பார்கள். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கறுப்பைப் பாருங்கள். திரை முழுக்கக் கறுப்பாக ஒரு படம் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டால், கூட்டிவைத்த டியூபில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், குறுக்கே சாய்ந்த மெல்லிய கோடுகள் ஓடும். கற்றை திரும்பி ஓடும் வழி அது, நல்ல டியூபில் அது தெரியக்கூடாது. பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக முழுத் திரைக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் வீக்காக இருப்பது அடிக்கடி நடக்கிறது. வெள்ளை எழுத்தின் வலப்பக்கம் வால்போல ஒரு நிறம் இழுத்தால் அந்த நிறத்தின் கேத்தோடுதான் தளர்ந்திருக்கிறது.

ஃபோகஸுக்குத் தமிழ் எழுத்தைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. விஜிஏ அவுட் உள்ள ஒரு லேப்டாப்பில் பொடி எழுத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து நான்கு மூலைக்கும் தள்ளிப் பாருங்கள். மூன்று சுழி ண எங்கே, இரண்டு சுழி ன எங்கே என்று எந்த மூலையிலும் தயங்காமல் சொல்ல முடிந்தால் ஃபோகஸ் சரி. ஆங்கில எழுத்தில் கண் பழக்கத்தால் ஊகித்துப் படித்துவிடும், நம் சுழிகளில் அந்த ஊகம் பலிக்காது. இதை ஒரு தடவை போட்டவுடனும் அரை மணி நேரம் கழித்தும் செய்யுங்கள். சூடேறியதும் ஃபோகஸ் நழுவினால் எல்ஓடி மாற்ற வேண்டிவரும், பழைய மாடலுக்கு அது கிடைப்பது பெரும் பாடு. அணைத்த திரையைச் சாய்வெளிச்சத்தில் பார்க்கவும் மறக்க வேண்டாம். வருஷக்கணக்கில் ஒரே மெனு காட்டிய அலுவலக மானிட்டர்களில் அந்த மெனு திரையின் உட்பூச்சிலேயே பதிந்திருக்கும். பச்சைத் திரைகளில் இது அதிகம்.

சாரல், உப்பு, பல்லி

டியூபின் உயர் வோல்டேஜ் முனையான ஆனோடில் சுமார் 25,000 வோல்ட் நிற்கிறது. இந்த வோல்டேஜுக்கு ஈரம் பகை. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் பிடித்தால் பரணில் கிடந்த மானிட்டரை எடுத்த கையோடு போடக்கூடாது. ஆனோடு தொப்பியைச் சுற்றியுள்ள ஈரத் தூசி வழியாக வோல்டேஜ் கசிந்து ‘உஸ்’ என்று சீறும், ஓசோன் வாடை வரும், எல்ஓடி ஓட்டை விழுந்துவிடும். உலர்ந்த அறையில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போடுவது நல்லது. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் பக்கம் உப்புக்காற்று கூடுதல் பிரச்சினை. அங்கே வைத்திருந்த மானிட்டரை வாங்கினால் போர்டின் கால்களும் சேஸியின் இரும்பும் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலை ஓட்டும் காற்று மண்ணை அள்ளிவந்து மேல்மூடியின் துளை வழியாக உள்ளே நிரப்பும்.

அப்புறம் பல்லி. மானிட்டரின் கதகதப்புக்கும் அங்கே வரும் பூச்சிக்கும் அது உள்ளே போய்விடும். பவர் சப்ளை பகுதியில் மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பல்லி அங்கே குறுக்கே கிடந்தால் போர்டு கருகும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்ததைத் திறந்தால் பல்லி முட்டை, எறும்புப் புற்று, மேல்மூடித் துளையை அடைத்த குளவிக் கூடு மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். முதல் தடவை பவர் கொடுக்கும் முன் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு திறந்து சுத்தம் செய்வதை நான் வலியுறுத்துவேன். ஓடாத காலத்தில் மெல்லிய பருத்தித் துணி போர்த்தினால் போதும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஓடும்போது எதையும் போர்த்தக்கூடாது, மேல் துளைகள்தான் அதற்கு மூச்சு.

திறக்கும் வேலையை நீங்களே செய்ய நினைத்தால் இதை மட்டும் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் கண்ணாடி கெப்பாசிட்டர்போல சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். கைப்பிடியில் நல்ல இன்சுலேஷன் உள்ள ஸ்குரூ டிரைவரை டியூபின் பின்புறம் ஓடும் பின்னல் கம்பியோடு ஒயரால் இணைத்து, ஆனோடு தொப்பிக்கு அடியில் நுழைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் அதை இறக்குவார்கள். பக்கத்தில் நின்று யாரும் செய்துகாட்டாமல் இதை முயல வேண்டாம். டிவி காலத்தில் தொழில் கற்ற மெக்கானிக்குகள் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் மேலப்பாளையத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பலர் செல்போன் பழுதுக்கு மாறிவிட்டார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது, அதிகம் இல்லை.

கரண்ட் விஷயத்தில் எர்த் முக்கியம். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. அப்போது கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் இடையே கசிவு ஓடி, திரையில் மேலேறும் நிழல்பட்டையாகத் தெரியும், பெட்டியைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்ட பிறகு மற்றதைப் பாருங்கள். சின்ன யுபிஎஸ்ஸில் மானிட்டரை மாட்டினால் டிகாஸ் இழுக்கும் கரண்டுக்கே அது கத்திக்கொண்டு அணையும். அமெரிக்க மானிட்டரில் 110 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-ல் செருகவே கூடாது.

எல்சிடியே போதும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 17 இஞ்ச் பழைய எல்சிடிகள் பெரும்பாலும் 1280×1024, அதாவது 5:4 வடிவம். பழைய படங்கள் 4:3 என்பதால் அதில் கொஞ்சம் நெட்டையாகும், 720×400 டாஸ் எழுத்து ஓரம் குழைந்து தெரியும். 1600×1200 உள்ள 20 இஞ்ச் எல்சிடி, டெல் 2007எஃப்பி மாதிரி, கிடைத்தால் விடாதீர்கள். 320×200 படம் அதில் அகலத்தில் 5 மடங்கும் உயரத்தில் 6 மடங்குமாக மிச்சமில்லாமல் பொருந்தும், வடிவமும் சரியாக 4:3 ஆகும். 15 கிலோஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை இதில் காட்ட ஜிபிஎஸ் 8200 (GBS 8200) என்ற மலிவான மாற்றி போர்டு உதவும். சிஜிஏ கார்டு என்றால் அதன் சிக்னல் வோல்டேஜைக் குறைக்க இடையில் ரெசிஸ்டர் போட்டே கொடுக்க வேண்டும்.

டியூப் மானிட்டரை வாங்கி வண்டியில் கொண்டுவரும்போது திரை கீழே இருக்கும்படி மடித்த ஜமுக்காளத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். எடையெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில்தான், மெலிந்த கழுத்து பின்னால். தூக்கும்போது திரை நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். கழுத்து உடைந்து காற்று புகுந்த டியூபை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குளத்தங்கரையிலோ வாய்க்காலிலோ போட்டுவிடாமல், மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் எல்ஓடி, யோக் (கற்றையைத் திருப்பும் காயில்), டிகாஸ் காயில் மூன்றையும் மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.